நாலு விரல் மண்

சாந்தோம்,
11 ஜூன் 1934

அண்ணனுக்கு,

இவ்விடம் எல்லாரும் சுகம் என்று தொடங்க இன்றைக்கு மனம் வரவில்லை. நோரா அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் உங்களுக்கு.

சனிக்கிழமை நான் எழும்பூர் நூலகத்துக்குப் போயிருந்த நேரத்தில், அப்பா விட்டுப்போன ஆற்றங்கரைத் தோட்டத்தில் நின்று, தெற்குப் பாதியில் பூத்திருந்த சணப்புச் செடி அத்தனையையும் இரண்டு ஆள் வைத்துப் பிடுங்கியிருக்கிறீர்கள். குவித்துக் கொளுத்தியிருக்கிறீர்கள். அதற்கு மேல் பன்னிரண்டு மூட்டைச் சுண்ணாம்பு. பிறகு ராத்திரி ரயில் ஏறி விழுப்புரம் போய்விட்டீர்கள். எனக்கு மேஜைமேல் ஒரு சீட்டு: "வேரெல்லாம் கட்டி. தொற்று. சுத்தம் செய்துவிட்டேன்." ஊர் முழுக்க மருந்து தெளிக்கிற சானிடரி இன்ஸ்பெக்டர், தங்கைக்கும் தெளித்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஞாயிறு பூசை முடிந்து நேரே தோட்டத்துக்குப் போனேன். ஹாஜிரா பீ வரப்பில் உட்கார்ந்திருந்தார். பதினோரு வருஷமாக அந்த எட்டு கிரவுண்டையும் குத்தகைக்கு எடுத்துக் கீரை போட்டு, மயிலாப்பூர்த் தெருக்களில் கூடையில் சுமந்து விற்கிறவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பேண்ட்டு போட்டுக்கினு வந்தாரு உங்க அண்ணன். ஒரு செடியப் புடுங்கினாரு. மூஞ்சியச் சுளிச்சாரு. கொளுத்துன்னாரு. அப்பால சுண்ணாம்பு. நெலத்துக்கு இன்னா டீச்சரம்மா, பொங்கலா வருது, வெள்ளை அடிக்கிறதுக்கு?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை.

அண்ணா, அந்தக் கட்டிகள் நோய் இல்லை. அந்தக் கட்டிகளுக்காகத்தான் செடியையே விதைத்தோம். சணப்பின் வேரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. வெயிலில் இலை காய்ச்சுகிற சர்க்கரையைச் செடி அவற்றுக்குக் கொடுக்கிறது. அவை காற்றில் சும்மா கிடக்கிற நைட்ரஜனைப் பிடித்துச் செடி தின்னும்படியாக மாற்றிக் கொடுக்கின்றன. பூக்கும் சமயத்தில் செடியை மிதித்து மண்ணுக்குள் மடக்கிவிட்டால் அவ்வளவும் மண்ணுக்கு. மூன்று வருஷம் முன்பு கீரை வெளுத்துப்போய், குத்தகையை விட்டுவிடுகிறேன் என்று ஹாஜிரா பீ வந்து நின்றது உங்களுக்குத் தெரியாது. வடக்குப் பாதியில் இரண்டு தடவை இப்படி மடக்கினோம். இப்போது அங்கே அரைக்கீரை எப்படி நிற்கிறது என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். தெற்குப் பாதியில் இன்னும் ஐந்து நாளில் மடக்குவதாக இருந்தோம்.

வேலியோரம் தப்பிய ஒரு செடியின் வேரைக் காயவைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உங்கள் லைசால் மருந்தில் போடாமல் பாருங்கள்.

ஐரின்


சேசு மரி சூசை

விழுப்புரம்,
17 ஜூன் 1934

அன்புள்ள தங்கை ஐரினுக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே நாங்கள் சுகம். உன் கடிதம் கிடைத்தது. வேரையும் பார்த்தேன். பார்த்ததும் நோரா, சாப்பிடுகிற இடத்தில் இதை வைக்காதீர்கள் என்றாள். வெளியே போட்டுவிட்டேன்.

நுண்ணுயிர் என்றால் கிருமி. அதைத் தோட்டத்தில் வளர்க்கிறோம் என்று நம் வீட்டுப் பெண் கையெழுத்தில் படிக்கவேண்டி வந்தது. போன மாதம் இந்த டவுனில் ஒரு தெருவில் ஒன்பது பேர் காலராவில் போனார்கள். ஒன்பது வீட்டிலும் சுண்ணாம்பு அடித்தது நான். குழந்தையைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுத் தொட்டிலைக் கொளுத்தியதும் நான். கண்ணுக்குத் தெரியாததோடு சிநேகம் பிடிக்க எனக்குத் தைரியம் இல்லை.

உனக்கு மறந்திருக்கலாம். அப்போது உனக்குப் பதினொரு வயது. அம்மாவைக் கொண்டுபோனதும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுதான். இருபத்தொரு நாள் ஜுரம். அந்தத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்ததால் என்று டாக்டர் சொன்னார். நான் இந்த வேலைக்கு வந்தது சம்பளத்துக்காக இல்லை.

அது போகட்டும். தியாகராய நகரில் வீடு கட்டி விற்கிற காண்டிராக்டர் கபாலி, தோட்டத்தை நல்ல விலைக்குக் கேட்கிறார். விக்டர் வீட்டாரும் ஆவணிக்கு மேல் தள்ளிப்போட முடியாது என்கிறார்கள். நிலத்தை விற்று உன் கல்யாணத்தை முடித்தால் என் பாரம் இறங்கும். பத்திரத்தில் உன் கையெழுத்தும் வேண்டும். வக்கீல் காகிதம் அனுப்புவார். பென்சிலால் குறி போட்ட இடங்களில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பு.

நுண்ணுயிரை உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் காட்டு. அது போதும்.

உன் அண்ணன்,
ஆம்ப்ரோஸ்


சாந்தோம்,
29 ஜூன் 1934

அண்ணனுக்கு,

அம்மாவைப் பற்றி எழுதியிருந்ததால் பத்து நாள் பதில் எழுத முடியவில்லை. எனக்கு எதுவும் மறக்கவில்லை. ஈரத் துணி மாற்றுகிற வேலை என்னுடையது. கடைசி வாரம் அம்மா என்னை வேறு யார் பேரோ சொல்லிக் கூப்பிட்டார்கள். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் கிருமி வேறு, அண்ணா. தெருவில் ஒருத்தன் கொலைகாரன் என்பதற்காகத் தெரு முழுக்கக் கொளுத்துவார்களா? நோரா அண்ணி தினமும் பாலில் உறை ஊற்றுகிறார்களே, அந்த உறைமோரில் இருப்பது என்னவென்று நினைக்கிறீர்கள்? தயிர்ச்சட்டியில் சுண்ணாம்பு போட்டுப் பாருங்கள், அண்ணி என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சந்தேகம் ஆதாரம் இல்லாதது அல்ல. வேரில் கட்டி விழும் நோய் ஒன்று உண்டு. புழுவால் வருவது. அதில் வேரே வீங்கிப் புடைக்கும், நகத்தால் சுரண்டினாலும் வராது. சணப்பில் இருப்பது வேரின் பக்கத்தில் ஒட்டிய மணி. நகத்தால் தள்ளினால் கழன்று விழும். உடைத்தால் உள்ளே குழந்தையின் ஈறு மாதிரி இளஞ்சிவப்பாக இருக்கும். ஒரு நகம் போதும், பன்னிரண்டு மூட்டைச் சுண்ணாம்பு மிச்சமாகியிருக்கும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை என்பதுதான் என் கோபம்.

நேற்று பள்ளிக்கூடத்தில் இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஒன்றில் தெற்குப் பாதியில் எடுத்த காய்ந்த மண்கட்டி. ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் கரைந்து சேறாக அடியில் படிந்தது. இன்னொன்றில் வடக்குப் பாதிக் கட்டி. சாயங்காலம் மணி அடிக்கும் வரை அப்படியே நின்றது. என் பிள்ளைகளில் ஒருத்தி, "டீச்சர், அதுல கோந்து போட்டீங்களா?" என்றாள். போட்டது நான் இல்லை. வேரும், வேரோடு இருக்கிற நூல் நூலான பூஞ்சையும், அந்த நுண்ணுயிர்களின் பசையும் சேர்ந்துதான் மண்ணைப் பொடிப் பொடிக் கட்டியாகப் பிடித்து வைக்கின்றன. இடுக்கில் காற்று, இடுக்கில் தண்ணீர். அவை செத்தால் மண் வெறும் தூள். மழை வந்தால் சேறு, வெயில் வந்தால் ஓடு.

விக்டர் நல்லவராகவே இருக்கட்டும். பெண் பார்க்க வந்த அன்று என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார். கண்ணாடி போடுவது படிக்கும்போது மட்டுமா, எப்போதுமா? தோட்டத்துக்குப் பட்டா யார் பேரில்? இரண்டுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். மூன்றாவதாக ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன்.

வக்கீல் காகிதம் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. அப்பா உயில் எழுதவில்லை. நம் கிறிஸ்தவர்களுக்கு உள்ள வாரிசுச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் பங்கு சமம். படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பாதி என்னுடையது. அதை விற்கமாட்டேன். ஹாஜிரா பீயை அங்கிருந்து எழுப்பவும் மாட்டேன்.

ஐரின்


விழுப்புரம்,
8 ஜூலை 1934

ஐரினுக்கு,

சட்டம் பேசுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய். அப்பா உன்னைப் படிக்கவைத்தபோது வேண்டாம் என்று மாமாக்கள் சொன்னார்கள். நான்தான் அவர்களோடு சண்டை போட்டேன். இதையும் எங்காவது எழுதி வைத்துக்கொள்.

சரி, பங்கே பிரிப்போம். கபாலிக்கு ரோடு பக்கம் வேண்டும். வடக்குப் பாதி எனக்கு. தெற்குப் பாதி உனக்கு. தலைக்கு நாலு கிரவுண்டு, ஒரு அடி கூடக் குறைய இல்லை. சுண்ணாம்பு போட்ட பக்கத்தை உன் தலையில் கட்டினேன் என்று சொல்லாதே. நீ சொல்கிற அந்த உயிர்கள் அவ்வளவு சாமர்த்தியம் உள்ளவை என்றால் அங்கேயும் வந்து வேலை செய்யட்டுமே.

விக்டர் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று நீயே எழுதிவிடு. எனக்கு வாய் இல்லை.

ஆம்ப்ரோஸ்


சாந்தோம்,
15 ஜூலை 1934

அண்ணனுக்கு,

கடிதத்தின் தலையில் சேசு மரி சூசை எழுத விட்டுப்போயிருக்கிறது. நீங்கள் எவ்வளவு கோபத்தில் இருந்தீர்கள் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

மாமாக்களோடு நீங்கள் சண்டை போட்டது எனக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அதனால்தான் இப்போதும் உங்களோடு மட்டும் சண்டை போடுகிறேன். மற்றவர்களுக்கு எழுதுவதே இல்லை. விக்டர் வீட்டுக்கு மட்டும் இரண்டு வரி எழுதிப் போட்டுவிட்டேன்.

தெற்குப் பாதி எனக்குச் சம்மதம். சந்தோஷமாகவே சம்மதம். ஹாஜிரா பீயிடம் சொன்னேன். "சுண்ணாம்பு மேட்ட நம்மகிட்ட தள்ளிட்டாரா? பரவால்ல, வெத்திலையாவது போடலாம். பாக்கு மட்டும் வாங்கினா போதும்" என்றார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வடக்குப் பாதியைக் கபாலிக்கு எழுதிக்கொடுப்பதற்கு முன்னால், அங்கிருந்து கொஞ்சம் மேல்மண் எடுத்துக்கொள்ளலாமா? செத்த மண்ணுக்கு உயிருள்ள மண்தான் உறைமோர். உறை இல்லாமல் பால் எத்தனை நாள் இருந்தாலும் தயிராகாது, கெட்டுத்தான் போகும். எவ்வளவு வேண்டியிருக்கும் என்று எனக்கே இன்னும் சரியாகத் தெரியவில்லை. உங்கள் பாதி என்பதால் உங்களைக் கேட்காமல் தொடமாட்டேன். தயவுசெய்து எழுத்தில் பதில் போடுங்கள்.

ஐரின்


(தபால் கார்டு)

விழுப்புரம், 21 ஜூலை 1934

ஐரினுக்கு. மண்தானே? வண்டி வண்டியாக எடுத்துக்கொள். வீடு கட்டுகிறவனுக்கு அது எதற்கு? ஆகஸ்டு 27 ரிஜிஸ்டர். அதற்குள் முடித்துவிடு. இதற்கெல்லாம் கார்டு செலவழிக்க வைக்காதே. ஆம்ப்ரோஸ்.


விழுப்புரம்,
4 நவம்பர் 1934

ஐரின்,

நேற்று கபாலி ரயில் ஏறி இங்கேயே வந்துவிட்டார். ஆபீஸில், என் பியூனுக்கு எதிரில், தொண்டை கிழியக் கத்தினார். "இன்னா சார் இது, நெலம் வாங்கினேன், மேல்தோலக் காணோம்! நாலு வெரல் ஆழத்துக்கு வழிச்சிக்கினு பூட்டாங்க சார்! ரோட்டுத் தண்ணி பூரா என் எடத்துல வந்து நின்னுக்கினு கீது. உன் தங்கச்சி எனக்குத் தாமரைக் கொளம் வெட்டிக் குடுத்திருக்காங்களா?"

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உறைமோர் என்று எழுதினாய். உறைமோர் ஒரு கரண்டி. நீ சட்டியையே கவிழ்த்துக்கொண்டு போயிருக்கிறாய். நாலு கிரவுண்டு மண்ணை ஒரு பெண் எப்படித் தூக்கினாள்? யாரைக் கேட்டுச் செய்தாய்? திருப்பிக் கொட்டு. இல்லையென்றால் தெற்குப் பாதியையும் அதே விலைக்குக் கொடுக்கச் சொல்கிறார் கபாலி. வழக்குக்குப் போவேன் என்கிறார்.

ஆம்ப்ரோஸ்


சாந்தோம்,
2 டிசம்பர் 1934

அண்ணனுக்கு,

யாரைக் கேட்டுச் செய்தாய் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களை. ஜூலை 21 தேதியிட்ட கார்டு, விழுப்புரம் முத்திரையோடு என் பைபிளுக்குள் இருக்கிறது. "வண்டி வண்டியாக எடுத்துக்கொள்." நாங்கள் வண்டிகூட வைக்கவில்லை. கூடைதான். ஹாஜிரா பீயும், அவரோடு சந்தையில் உட்காரும் ஐந்து பெண்களும், பள்ளிக்கூடம் விட்டபின் நானும். ஒன்பது நாள். கடைசிக் கூடையை ஆகஸ்டு 25 அன்று கொட்டினோம். ரிஜிஸ்டர் ஆவதற்கு இரண்டு நாள் முன்னால். அதுவரை அது உங்கள் மண், உங்கள் அனுமதி. கபாலி கையெழுத்துப் போடும் முன் தோட்டத்தை வந்து பார்க்கவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்வது? ரோட்டு அகலத்தை மட்டும் அளந்துவிட்டுப் போனார்.

கார்டைக் கபாலிக்கும் வாசித்துக் காட்டினேன். தோட்டத்துக்கே வந்து சண்டை போட்டார். நான் மறுபடி வாய் திறக்கும் முன் ஹாஜிரா பீ எழுந்துவிட்டார்.

"ஏன் நைனா கத்தறே? அஸ்திவாரத்துக்கு எப்படியும் நோண்டத்தானே போறே? நாலு வெரல் வேலையக் கொறைச்சிக் குடுத்திருக்கோம். கூலி குடுத்துட்டுப் போ."

கபாலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வழக்குக்குப் போகமாட்டார் என்று அப்போதே தெரிந்தது. போனால் போகட்டும்.

ஒரு கரண்டி போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். படித்ததும் அப்படித்தான். பிறகு ஒரு நாள் வடக்குப் பாதியில் உட்கார்ந்து யோசித்தேன். நான் எடுக்காமல் விட்டால் இந்த மண்ணுக்கு என்ன ஆகும்? மேலே சிமெண்டு. மூன்று வருஷமாக மிதித்து மடக்கி, கீரை வேரும் சணப்பு வேரும் கோடிக்கணக்கான உயிர்களும் சேர்ந்து கட்டியது ஒரு ஹாலுக்கு அடியில் மூச்சு முட்டிச் சாகும். அதற்குப் பிறகு கரண்டிக் கணக்குப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இதை உங்களுக்கு அப்போதே எழுதியிருக்கலாம். எழுதினால் வேண்டாம் என்பீர்கள் என்று தெரிந்து எழுதவில்லை. அந்த அளவுக்குக் குற்றம் என்னுடையதுதான்.

தெற்குப் பாதியின் நிலவரம். சுண்ணாம்பைச் சுரண்டக் கூடியவரை சுரண்டி எடுத்தோம். வேப்பிலையும் பூவரசந் தழையும் மக்கவைத்துக் கலந்தோம். அதன்மேல் வடக்கு மண். செப்டம்பரில் சணப்பு விதைத்தோம். முதலில் மஞ்சளாக முளைத்தது. ஒரு வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஹாஜிரா பீதான் ஒரு நாள் பள்ளிக்கூட வாசலுக்கே செடியோடு வந்து நின்றார். "இந்தா, நகத்தால தட்டிப் பாரு" என்றார். தட்டினேன். மணி கழன்று உள்ளங்கையில் விழுந்தது. உடைத்தேன். இளஞ்சிவப்பு. போன வாரம் பூத்ததும் மிதித்து மடக்கிவிட்டோம். உங்கள் ஆட்கள் கொட்டும்போது மூட்டை கிழிந்து கொட்டிய இரண்டு இடம் மட்டும் இன்னும் வெள்ளையாக, ஒரு புல்கூட இல்லாமல் இருக்கிறது. அதை உங்களிடம் மறைக்கவில்லை.

இத்துடன் தகர டப்பாவில் ஒரு மண்கட்டி அனுப்பியிருக்கிறேன். தெற்குப் பாதியில், சணப்பின் காலடியில் எடுத்துக் காயவைத்தது. வடக்கிலிருந்து வந்த மண் என்று சொல்லாதீர்கள். அள்ளிக் கொட்டியதில் அதெல்லாம் உடைந்து தூளாகத்தான் வந்து சேர்ந்தது. இது இங்கே மறுபடி சேர்ந்த கட்டி. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி மெதுவாக உள்ளே விடுங்கள். கலக்கக் கூடாது, ஆட்டக் கூடாது. ஒரு ராத்திரிக்குள் அது கரைந்து சேறானால், தெற்குப் பாதியையும் கபாலிக்கு எழுதிக்கொடுக்க வக்கீல் காகிதத்தை அனுப்புங்கள். பென்சில் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறேன்.

இதை விளையாட்டுக்கு எழுதவில்லை. அதே இடத்தில் எடுத்த மூன்று கட்டிகளை இங்கே தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். இரண்டு நின்றன. ஒன்று கரைந்துவிட்டது. நாலாவது உங்களிடம் வருகிறது. அது எந்த ரகம் என்று எனக்கே தெரியாது.

ஐரின்


(தபால் கார்டு)

சேசு மரி சூசை

விழுப்புரம், 10 டிசம்பர் 1934

ஐரினுக்கு. டப்பா வெள்ளிக்கிழமை வந்தது. அன்றே போட்டேன். ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது. மற்றபடி நாலாவது நாளாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வக்கீலுக்கு எழுதவில்லை. வீட்டில் இருப்பதே மூன்று கண்ணாடி டம்ளர்தான், இதைக் கொட்டிவிட்டுக் கொடுங்கள் என்கிறாள் நோரா. நான்தான் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆம்ப்ரோஸ்.